சம்பந்தி பங்க்கில் ஏற்றாத சார்ஜ்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. தண்ணீர் மோட்டாரோ மரப்பட்டறை மோட்டாரோ, எது புகைந்துபோய் வந்தாலும் உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து மறுபடி ஓடவைத்துக் கொடுப்பார். கடைக்குள் நுழைந்தாலே வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறும். கல்யாணமான புதிதில் எனக்கு அது குமட்டிக்கொண்டு வந்தது. இப்போது அவர் வெளியூர் போய்விட்டால் அந்த வாசனை இல்லாமல் தூக்கம் பிடிப்பதில்லை. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அதையும் ஒரு பெருமையாக எடுத்து மாட்டிக்கொள்வார்.

பெருமை என்று வாயில் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மனுஷர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, யார் வீட்டு மோட்டார் நின்றுபோனாலும் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவார். வாய் ஒன்றுதான் அடங்காது. தன்னிடம் இருக்கிற பொருள் எதுவோ அதுதான் உலகத்திலேயே உசத்தி. அந்தப் பொருள் மாறினால் உசத்தியும் கூடவே மாறிவிடும்.

வண்டி விஷயத்தில் இதை நான் நான்கு முறை பார்த்துவிட்டேன். பெட்ரோல் ஸ்கூட்டர் வைத்திருந்தபோது, பெட்ரோல் மாதிரி சுத்தமான எரிபொருள் கிடையாது என்றார். மோட்டார் ஏற்றி இறக்க டீசல் வேன் வாங்கியதும், டீசல் இழுவைக்கு முன்னால் பெட்ரோல் எல்லாம் சின்னப் பிள்ளை என்றார். காலையில் அந்த வேனைக் கிளப்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து வீட்டுக்காரி கொடியில் காயப்போட்ட துணியில் கரி படிந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தபோது, கொடியை இடம் மாற்றிக் கட்டச் சொன்னார்.

அப்புறம் கேஸ் கார். செலவு கம்மி என்பது உண்மைதான். ஆனால் டிக்கி முழுக்க சிலிண்டர் உட்கார்ந்துகொண்டது. வெளியூர் போனால் பெட்டியெல்லாம் எங்கள் மடியில்தான். கேஸ் போடுகிற இடத்தில் வரிசை தெருமுனை வரை நிற்கும். வெயிலில் நின்று வேர்த்து ஊற்றும்போது நான் முணுமுணுத்தால், "இங்க காத்து நல்லா வருதுல்ல?" என்று என்னையே கேட்பார்.

கடைசியாக வந்தது எலெக்ட்ரிக் கார். இந்தத் தடவை பெருமைக்கு ஒரு நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயுசு முழுக்க மோட்டாரோடு மல்லுக்கட்டிய மனுஷர். பானெட்டைத் தட்டி, "உள்ள இருக்கிறது நம்ம ஆளு" என்று சொல்வார். வண்டியும் எங்களுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ராத்திரி வாசலில் சொருகிவிட்டால் காலையில் நிரம்பி நிற்கும். புகை இல்லை, ஆயில் மாற்றுகிற தொல்லை இல்லை. சத்தமே இல்லாததால் அவர் ஓட்டிக்கொண்டே என்னைப் பற்றி முனகுவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஊருக்குள் கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வரைக்கும் அதுபோல சௌகரியம் வேறு எதிலும் இல்லை, அதை யார் கேட்டாலும் நானே சொல்வேன். வெளியூர் என்றால் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்ப வேண்டும், வழியில் எங்கே சார்ஜ் போடலாம் என்று பார்த்துவைக்க வேண்டும், அங்கே போய் ஒரு காபி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கஷ்டம். ஆனால் அந்த "கொஞ்சம் காத்திருக்கணும்" என்கிற வார்த்தையை அடுத்தவர் எதிரே சொல்ல இவருக்கு நாக்கு வராது.

அதற்குக் காரணம் சம்பந்தி.

எங்கள் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்தான். பங்க்குக்குப் பின்னாலேயே வீடு. பொல்லாத கிண்டல்காரர். எதைப் பேசினாலும் அதில் ஒரு ஊசி இருக்கும், ஆனால் சிரித்துக்கொண்டேதான் குத்துவார். கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கே இருவருக்கும் முட்டிக்கொண்டது. இன்னும் பத்து வருஷத்தில் பங்க்கை எல்லாம் மூடிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்றார் இவர். அதுவரைக்கும் உங்கள் கார் நடுவழியில் நின்றால் கட்டி இழுக்க நம்ம பங்க்கில் கயிறு வைத்திருக்கிறேன் என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கயிற்றைப் பற்றியே பேசினார்.

அதற்குப் பிறகு எப்போது போனாலும், "என்ன சம்பந்தி, வண்டிக்குச் சாப்பாடு ஊட்டியாச்சா?" என்றுதான் வரவேற்பு. போன வருஷம் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள் என்று அந்தப் பங்க்கிலேயே, டயருக்குக் காற்று அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய சார்ஜர் கொண்டுவந்து நட்டார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. தானே ஜெயித்த மாதிரி ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ஆனால் ஒருநாளாவது அங்கே சொருகியிருப்பாரா என்றால் இல்லை. பங்க்கில் போய் நின்றால் சம்பந்தியிடம் கையேந்துகிற மாதிரி ஆகிவிடுமாம்.

அன்றைக்கு நாங்கள் மகள் வீட்டுக்குப் போனதே அங்கே தண்ணீர் மோட்டார் மக்கர் செய்கிறது என்று அவள் ஃபோன் செய்ததால்தான். இவர் மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஃபோன் அடித்தது. சம்பந்தியம்மாவின் அண்ணன் வெளியூர் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். நாளைக்கு என்று சொல்லியிருந்த ஆபரேஷனை இன்றைக்கே மத்தியானம் வைத்துக்கொள்கிறார்களாம். அதற்கு முன்னால் தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். சம்பந்தியம்மா ஃபோனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா அம்மா போனபிறகு அவரை வளர்த்துப் படிக்கவைத்தது அந்த அண்ணன்தான்.

அவர்கள் கார் வேலை விஷயமாக மாப்பிள்ளையோடு வெளியே போயிருந்தது. பங்க்குக்கு அன்றைக்கு லோடு வரவேண்டியிருந்ததால் சம்பந்தியால் அசைய முடியாது. அவர் டாக்ஸிக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தபோதே இவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"டாக்ஸி எதுக்கு சம்பந்தி? நம்ம வண்டி வாசல்ல நிக்குது. நான் கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது உண்மை. இந்த நல்ல மனசுதான் இவர். சம்பந்தியும் நெகிழ்ந்துபோய், "ரொம்ப உபகாரம். தூரம் ஜாஸ்தியாச்சே, சார்ஜ் தாங்குமா?" என்றார். அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை, நான் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன். ஆனால் இவர் காதில் அது கிண்டலாகத்தான் விழுந்தது.

"ஒரே மூச்சுல போயிடும்," என்றார்.

"அப்பா, நீங்க வீட்டுல இருந்து வந்ததுலயே கொஞ்சம் போயிருக்குமே," என்றாள் மகள்.

"எல்லாம் இருக்கு. நீ சும்மா இரு."

"அதுக்கில்ல சம்பந்தி," என்றார் அவர். "நம்ம பங்க்லயே அரை மணி நேரம் போட்டுக்கிட்டுப் போங்க. இவளும் அதுக்குள்ள துணி எடுத்து வச்சுக்குவா. மத்தியானத்துக்கு நேரம் இருக்கு."

அந்த அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கியிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. இவர் சிரித்தார், நடிப்புச் சிரிப்பு. "அந்தத் தேவையே இல்ல சம்பந்தி. இது உங்க பெட்ரோல் வண்டி இல்ல," என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டார்.

நானும் சம்பந்தியம்மாவும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். துணிப்பை முன்சீட்டில். ஊரைத் தாண்டும் வரை நன்றாகத்தான் போனது. குளுகுளுவென்று ஏசி, சத்தமில்லாத ஓட்டம். சம்பந்தியம்மா அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் அவருக்காக ஸ்கூல் வாசலில் மழையில் நின்ற கதை, முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம். "ஆபரேஷன்னா பயப்படுவாரு. நான் பக்கத்துல நின்னா போதும்னு சொல்வாரு," என்றார். இவர், "கவலைப்படாதீங்க, டயத்துக்குக் கொண்டுபோய் விட்டுடறேன்," என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் இந்த வண்டி கரண்டை மளமளவென்று குடித்துவிடும். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் திரும்ப ஏறும், அங்கே அதுவும் கிடையாது. இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். முன்னால் திரையில் இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுகிற எண்ணைப் பின்னால் இருந்தே பார்த்துக்கொண்டு வந்தேன். நாங்கள் போன தூரத்தைவிட அது வேகமாகக் குறைந்தது. இவர் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். பொய் ஒன்று வரப்போகிறது என்றால் இவருக்குக் கழுத்து அரிக்கும்.

கை நீண்டு ஒரு பொத்தானைத் தட்டியது. குளிர்ந்த காற்று நின்றது.

"அடடா, ஏசி ஏதோ கோளாறு பண்ணுது போலிருக்கு," என்றார், முன்னால் தொங்கும் கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல். "காலையில இருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் ஜன்னலைத் திறந்துக்கோங்க."

காலையில் அது நன்றாக ஓடியது எனக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது. "பரவாயில்ல, வெளிக்காத்தும் நல்லதுதான்," என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கினார். உள்ளே வந்தது காற்றா அடுப்பு அனலா தெரியவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு அட்டையால் அவருக்கு விசிறினேன். என்னங்க, ஏசியைப் போடுங்க என்று ஒரு வார்த்தை என் தொண்டை வரை வந்தது. சொன்னால் சம்பந்தியம்மா எதிரில் இவர் மானம் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டேன். எந்த மானத்தை அப்படிக் காப்பாற்றினேன் என்று இப்போது கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

இவர் வேகத்தையும் குறைத்தார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. ஒரு டிராக்டர்கூடக் கொஞ்ச தூரம் எங்களோடு சமமாக வந்தது. அவ்வளவு செய்தும் தாங்கவில்லை. வழியில் ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜர் இருந்தது. "ஒரு காபி குடிச்சிட்டுப் போயிடலாமா?" என்று ஏதோ எங்களுக்காக நிறுத்துகிற மாதிரி வண்டியைத் திருப்பினார்.

அங்கே இரண்டு பைப்பில் ஒன்று வேலை செய்யவில்லை, திரை கறுத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு வெள்ளைக் கார் சொருகி நின்றது. ஓட்டி வந்தவனைக் காணோம். இவர் ஹோட்டலுக்குள் ஓடி ஒவ்வொரு மேஜையாக, "அந்த வெள்ளைக் கார் உங்களுதா?" என்று கேட்டுக்கொண்டு போனதைக் கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்தோம். கடைசியில் ஆள் மாடியில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாடு ஆர்டர் பண்ணியாச்சு, முடிஞ்சதும் வர்றேன் என்றானாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று கெஞ்சியபிறகுதான் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தான்.

காபி ஆறிப்போனது, யாரும் குடிக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்கு அண்ணன் மகனிடமிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. "வந்துட்டே இருக்கோம்ப்பா, பக்கத்துல வந்துட்டோம்," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். பக்கத்தில் எல்லாம் இல்லை. இவர் சார்ஜர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கருகின மோட்டாரைக்கூட உரிமையோடு அதட்டுகிற மனுஷர், அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நாங்கள் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஓடிப்போனபோது அண்ணன் மகன் எதிரே வந்தான். "இப்பதான் அத்தை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கதவுகிட்ட போறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனாரு," என்றான். சம்பந்தியம்மா கதவுக்கு நேரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் புருஷன் ஃபோனில் கூப்பிட்டார். ஏன் லேட்டு என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"வழியில ஒரே நெரிசலுங்க. ரோடு வேலை நடக்குது," என்றார் சம்பந்தியம்மா.

வழியில் எங்கேயும் ரோடு வேலை நடக்கவில்லை. இவர் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது முதலிலேயே தெரியவில்லையே. கதவு திறக்கும்போதெல்லாம் சம்பந்தியம்மா எழுந்து நின்றார். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ. அவர் எழுந்து நிற்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரரும் எழுந்து நின்றார். அன்றைக்கு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலையில் அண்ணனைப் பார்க்க விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் இருந்து அவர் தங்கச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டார். பேச முடியவில்லை. வெளியே வந்த சம்பந்தியம்மாவின் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்து இவர் முகத்திலும் கொஞ்சம் உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

திரும்பிக் கிளம்பும்போது உச்சி வெயில். அன்று காலை நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் இவர் வண்டியைக் கொண்டுபோய் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். நாங்கள் முன்போலவே பின்சீட்டில் ஏறினோம். சம்பந்தியம்மா தானாகவே தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார், கைக்குட்டையையும் நனைத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார். ஏசி இல்லாத வண்டி என்று அவருக்குப் பழகிவிட்டது.

வண்டி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியது. அண்ணனுக்குக் குணமானதைப் பற்றி இவர் ஏதோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். பேசிக்கொண்டே, வெயில் நாளில் எப்போதும் செய்கிற மாதிரி, கை தன்போக்கில் நீண்டு ஏசியைத் தட்டியது. அந்தக் கை போவதை நான் பார்த்தேன். பிடித்து இழுக்க எனக்கு எட்டவில்லை.

முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கிற திறப்பு வழியாகக் குளிர்ந்த காற்று வந்து எங்கள் இரண்டு பேர் முழங்காலிலும் பட்டது. நல்ல ஜில்லென்ற காற்று.

பேச்சு பாதியில் நின்றது. இவர் கண் முன்னால் தொங்கும் கண்ணாடிக்குப் போனது, அங்கே சம்பந்தியம்மாவின் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். உடனே திரும்பிக்கொண்டது. இவருடைய காது மடல் சிவந்ததைப் பின்னால் இருந்தே பார்த்தேன். ஏசியை அணைக்கவும் முடியாது, அணைக்காமல் இருக்கவும் முடியாது. கை பொத்தானுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஸ்டியரிங்குக்கே போய்விட்டது. சம்பந்தியம்மா நனைத்த கைக்குட்டையை மெதுவாகப் பிழிந்து வெளியே உதறினார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"உங்க ஊர்ல மழை ஏதாவது பெய்யுதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க, இந்த வருஷம் கம்மிதான்," என்றேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை. வழி முழுக்க மழை, காய்கறி விலை, மகள் செய்கிற சமையல் என்று அவர் என்னோடு பேசிக்கொண்டே வந்தார். எங்கள் காலில் குளிர் ஏறிக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு குளிர்ந்ததில்லை.

பிற்பாடு என்னிடம் இவர் சொன்னார், ஏசியை அணைத்ததில் மிச்சமானது வெகு சொற்பமாம். ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டியதில் காற்று பிடித்து அதிலும் பாதி போய்விட்டதாம். கணக்குத் தெரிந்த மனுஷருக்கு அந்த நேரத்தில் மட்டும் அது தெரியவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. சம்பந்தி பங்க்கிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்து முடித்ததும், "அப்புறம், நம்ம சம்பந்தியோட கரண்ட் ரதம் எப்படி?" என்றார்.

"நல்லா இருந்துச்சு," என்றார் சம்பந்தியம்மா. "சத்தமே இல்ல. ஏசி எல்லாம் குளுகுளுன்னு."

அத்தோடு விட்டிருக்கலாம். நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் இரண்டு நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் உடைந்துவிட்டது.

"இல்ல சம்பந்தி," என்றார் இவர். "போறப்ப சார்ஜ் பத்தல. ஏசியை நான்தான் அணைச்சேன். கெட்டுப்போச்சுன்னு பொய் சொன்னேன். இவங்க வெயில்ல வெந்துக்கிட்டு வந்தாங்க. சார்ஜ் போட நின்னதாலதான் லேட்டு. ஆபரேஷனுக்கு முன்னாடி அண்ணனைப் பார்க்க முடியாம போனது என்னாலதான். ரோடு வேலை எல்லாம் ஒண்ணும் இல்ல."

சம்பந்தியின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. அவர் பங்க் பக்கம் திரும்பி, அந்தச் சார்ஜரை ஒரு தடவை பார்த்தார்.

"அரை மணி நேரம்தானே கேட்டேன்," என்றார்.

இவர் சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நானும் எதிர்பார்த்தேன்.

"நான் அதை மறைச்சது உங்களுக்காகன்னு நினைச்சீங்களா?" என்றார் சம்பந்தியம்மா. குரலை உயர்த்தவில்லை. "இவரு வாய் உங்களுக்குத் தெரியும். இனிமே இந்த வீட்டுல யாராவது ஃபேன் போட்டாக்கூட, உங்கப்பா அணைச்ச மாதிரி அணைச்சிடாதம்மான்னு சொல்வாரு. சாப்பாட்டுல உக்காந்தா சொல்வாரு, நாலு பேர் வந்தா சொல்வாரு. உங்க மனசு லேசாகணும்னு நீங்க சொல்லிட்டீங்க, நல்லது. நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. இங்க இருந்து அதைக் கேட்கப்போறது உங்க பொண்ணு."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். மகள் தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவள் யாரையும் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாதான் போய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, "வா, உள்ள போவோம்," என்றார்.

பிரித்துப்போட்ட மோட்டார் அப்படியே கிடந்தது. இவர் எப்படியோ உட்கார்ந்து அதைப் பூட்டி ஓடவைத்தார். யாரும் பக்கத்தில் வரவில்லை. நாங்கள் கிளம்பும்போது மகள் மட்டும் கார் வரைக்கும் வந்தாள். இவர் கண்ணாடியை இறக்கினார்.

"அப்பா தெரியாம பண்ணிட்டேன்மா."

"தெரியாமலா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள், "கொஞ்ச நாளைக்கு இங்க வர்றதா இருந்தா பஸ்ல வாங்கப்பா."

இவர் சரி என்று தலையை ஆட்டினார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தமில்லாத வண்டி என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டாரே, அன்றைக்குத்தான் அந்தச் சத்தமின்மை எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

சம்பந்தியம்மா சொன்னது அப்படியே நடக்கிறது. ஃபேன், ஃபிரிட்ஜ், செல்ஃபோன் என்று சார்ஜும் கரண்டும் வருகிற எந்தப் பேச்சிலும் மாமா அப்பாவை இழுத்துவிடுகிறார் என்று மகள் ஃபோனில் சொல்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். அவள் அப்படிச் சிரிப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. இவர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

போன வாரம் முதல் தடவையாகப் பஸ்ஸில் போனோம். கார் வீட்டு வாசலில் முழுச் சார்ஜோடு நின்றது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார். நிறுத்தம் சரியாகப் பங்க்குக்கு எதிரே. சம்பந்தி ஒரு லாரிக்கு டீசல் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்குவதைக் கவனித்துவிட்டார். இவர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காரைக் காணோமே என்பார், கயிறு வேண்டுமா என்பார், எதையாவது சொல்லிச் சிரிப்பார், நாங்களும் சிரித்துவைப்போம், அத்தோடு ஒழியும் என்று நினைத்தேன்.

அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். இவரைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. "வாங்க சம்பந்தி," என்று சொல்லி, இவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.